வானில் ஓர் இயற்பியல் பாடம்

(இரண்டாமாண்டு இயற்பியல் மாணவன்)

பறக்க வேண்டும் என்னும் ஆசை மனிதனுக்குத் தொன்றுதொட்டு இருந்து வருவது. 1903ஆம் ஆண்டு டிசம்பர் 17 அன்று ரைட் சகோதரர்கள் அந்த ஆசையை நிறைவேற்றினர். ஆனால் விமானத்தில் பயணம் செய்வது வேறு. விமானத்தைச் செலுத்துவது வேறு. விமானிப் பயிற்சிக்குப் பல லட்சம் ரூபாய் வேண்டும். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எங்களுக்கு விமானம் என்பது உச்சி வெயிலில் வயலுக்கு மேலே வெள்ளைக் கோடு கிழித்துச் செல்லும் ஓர் ஓசை, அவ்வளவே. அப்படிப்பட்டவனையும் விமானியின் இருக்கையில் அமர்த்திவிடும் கருவி ஒன்று உண்டு. அதுவே 'சிமுலேட்டர்' எனப்படும் பாவனை விமானம்.

கணிப்பொறியில் விளையாடுவதைப் பற்றிக் கல்லூரி மலரில் கட்டுரையா என்று பேராசிரியப் பெருமக்கள் வியக்கலாம். பொறுமையுடன் சில பக்கங்களைப் படிக்க வேண்டுகிறேன். இது விளையாட்டைப் பற்றிய கட்டுரையே. ஆயினும் நாம் வகுப்பில் படிக்கும் விசையியல் முழுவதும் இதனுள் அடங்கியிருக்கிறது.

பாவனை விமானம் பிறந்த கதை

அமெரிக்காவில் ஆர்கன் இசைக்கருவி செய்யும் தொழிலில் வளர்ந்த எட்வின் லிங்க் என்பவர், அத்தொழிலில் பயன்படும் துருத்திகளைக் கொண்டே 1929இல் ஒரு பயிற்சிப் பெட்டியைச் செய்தார். அதில் அமர்ந்து கைப்பிடியை அசைத்தால் பெட்டி விமானம் போலச் சாயும், திரும்பும். இரண்டாம் உலகப் போரில் பல்லாயிரம் விமானிகள் அப்பெட்டியில்தான் தம் முதற் பயிற்சியைப் பெற்றனர்.

இன்று துருத்தியின் வேலையைக் கணிப்பொறி செய்கிறது. விமானத்தின் எடை, இறக்கையின் பரப்பு, எஞ்சினின் திறன், காற்றின் அடர்த்தி ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, ஒரு வினாடிக்குள் பலமுறை நியூட்டனின் இயக்கச் சமன்பாடுகளுக்கு அது தீர்வு காண்கிறது. அதன் விடையே திரையில் தெரியும் வானமும் பூமியும். 2001இல் ரஷ்யாவிலிருந்து வந்த 'ஐ.எல்.2 ஸ்டுர்மோவிக்', 2012இல் வந்த 'வார் தண்டர்' ஆகியவை இவ்வகையில் புகழ் பெற்றவை. இணையத்தின் வழியாக வெவ்வேறு நாட்டினர் ஒரே வானில் சந்தித்துப் போரிடுகின்றனர். எதிரே வருவது பொம்மையன்று. எங்கோ ஓர் ஊரில் நம்மைப் போலவே கணிப்பொறி முன் அமர்ந்திருக்கும் மனிதன்.

இரண்டு ஜெர்மானிய விமானங்கள்

இவ்விளையாட்டில் புதிதாகச் சேருவோர் பெரும்பாலும் இங்கிலாந்தின் ஸ்பிட்ஃபயர் விமானத்தையே நாடுவர். அது எளிதில் திரும்பும், தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். ஜெர்மானிய விமானங்களோ கண்டிப்பான ஆசிரியரைப் போன்றவை. அவற்றின் இயல்பை அறிந்தவனுக்கு அள்ளித் தரும். அறியாதவனை ஐந்தே நிமிடத்தில் தரையில் சேர்க்கும். இயற்பியலைக் கற்க விரும்புவோர்க்கு அவையே தக்கவை என்பது என் கருத்து.

முதலாவது மெஸ்ஸர்ஷ்மிட் 109. இது 1935 மே மாதத்தில் முதன்முதலாகப் பறந்தது. ஜெர்மானிய எஞ்சின் அப்போது ஆயத்தமாகாததால், முதல் மாதிரி விமானம் இங்கிலாந்தின் ரோல்ஸ் ராய்ஸ் எஞ்சினுடன் பறந்தது என்பது வரலாற்றின் விளையாட்டு! பின்னர் 33,000க்கும் மேற்பட்ட 109கள் செய்யப்பட்டன. சிறிய உடல், சிறிய இறக்கை, ஆற்றல் மிக்க எஞ்சின் என்பதே இதன் இலக்கணம்.

இரண்டாவது ஃபோக்கெ-வுல்ஃப் 190. கர்ட் டாங்க் என்பவர் வடிவமைத்த இது 1939 ஜூன் முதல் நாள் பறந்தது. 1941இல் போர்முனைக்கு வந்தபோது இங்கிலாந்து விமானிகள் திகைத்தனர். 1942 ஜூன் 23 அன்று ஆர்மின் ஃபாபெர் என்ற ஜெர்மானிய விமானி திசை தவறி, வேல்ஸ் நாட்டின் பெம்ப்ரி விமானத்தளத்தைத் தம் நாட்டுத் தளமென எண்ணி இறங்கிவிட்டார். சேதமின்றிக் கிடைத்த அந்த விமானத்தை இங்கிலாந்து நிபுணர்கள் சோதித்தனர். திரும்பும் வட்டத்தைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அது தம்முடைய ஐந்தாம் வகை ஸ்பிட்ஃபயரை விஞ்சுவதாகக் கண்டனர். அந்த 'தவிர' என்ற ஒரு சொல்லில்தான் நம் பாடம் தொடங்குகிறது.

வட்டமிடாதே!

திரும்பும் வட்டம் ஏன் பெரிதாகிறது? விமானம் வளைந்து திரும்ப மையநோக்கு விசை வேண்டும். அவ்விசையைத் தருவது சாய்ந்த இறக்கையின் தூக்குவிசை. ஆகவே ஒவ்வொரு சதுர மீட்டர் இறக்கையும் எத்தனை கிலோகிராம் எடையைச் சுமக்கிறது என்பதே முக்கியம். இதனை இறக்கைச் சுமை என்பர். மற்றவை ஒன்றாக இருப்பின், விமானம் திரும்பக்கூடிய மிகச் சிறிய வட்டத்தின் ஆரம் இறக்கைச் சுமைக்கு நேர்விகிதத்தில் அமையும்.

ஒன்பதாம் வகை ஸ்பிட்ஃபயரின் எடை சுமார் 3,350 கி.கி., இறக்கைப் பரப்பு 22.5 சதுர மீட்டர். வகுத்தால் ஏறத்தாழ 150 வருகிறது. 109இன் 'ஜி-6' வகையில் 3,150 கி.கி. எடையை 16 சதுர மீட்டர் இறக்கை தாங்குகிறது. இறக்கைச் சுமை ஏறத்தாழ 197. ஃபோக்கெ-வுல்ஃபின் 'ஏ-8' வகையில் 4,400 கி.கி. எடைக்கு 18.3 சதுர மீட்டர்; அஃதாவது 240. இந்த மூன்று எண்களைப் பார்த்தபின்னும் ஃபோக்கெ-வுல்ஃபில் அமர்ந்து ஸ்பிட்ஃபயருடன் வட்டமிட்டுச் சண்டையிடுபவன், தேர்வுக்கு முன் வினாத்தாள் கிடைத்தும் படிக்காமல் போனவனுக்கு ஒப்பாவான்.

வட்டத்தை இறுக்க மேலும் மேலும் கைப்பிடியை இழுத்தால் என்ன ஆகும்? இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் எல்லை மீறும். மேற்பரப்பில் காற்றோட்டம் பிரியும். தூக்குவிசை திடீரென விழும். இதனை 'ஸ்டால்' என்பர். 109இல் இறக்கையின் முன்விளிம்பில் உள்ள சிறு தகடுகள் தாமாகவே வெளிவந்து காற்றோட்டத்தைச் சிறிது நேரம் பிடித்து வைக்கும். ஃபோக்கெ-வுல்ஃபிலோ அத்தகைய தயவு கிடையாது. எவ்வித முன்னறிவிப்புமின்றி ஓர் இறக்கை சரிந்து விமானம் தலைகீழாகப் புரண்டுவிடும்.

ஆற்றலே கைப்பொருள்

வட்டமிடக் கூடாது என்றால் வேறென்ன செய்வது? விடை நம் பாடநூலிலேயே இருக்கிறது. உயரத்தில் இருக்கும் பொருளுக்கு நிலை ஆற்றல் உண்டு. ஓடும் பொருளுக்கு இயக்க ஆற்றல் உண்டு. ஒன்றை மற்றொன்றாக மாற்றலாம். விமானிக்கு உயரம் என்பது வங்கியில் போட்ட பணம். வேகம் என்பது சட்டைப்பையில் உள்ள பணம். கூர்மையாகத் திரும்பும் ஒவ்வொரு முறையும் காற்றின் இழுவை அப்பணத்தில் ஒரு பகுதியைப் பறித்துக்கொள்கிறது. எஞ்சின் என்பது மாதச் சம்பளம். அது மெதுவாகத்தான் வரும்.

திசைவேகத்தின் இருமடியைப் புவியீர்ப்பு முடுக்கத்தின் இருமடங்கால் வகுத்தால், அந்த வேகம் எத்தனை மீட்டர் உயரத்துக்குச் சமம் என்பது கிடைக்கும். மணிக்கு 300 கி.மீ. வேகம் ஏறத்தாழ 354 மீட்டருக்குச் சமம், 500 கி.மீ. வேகமோ 983 மீட்டருக்குச் சமம். எனவே 3,000 மீட்டர் உயரத்தில் 300 கி.மீ. வேகத்தில் செல்பவனைவிட, 2,500 மீட்டரில் 500 கி.மீ. வேகத்தில் செல்பவனே செல்வந்தன்! மேலே இருப்பவனைக் கண்டு அஞ்சுவோரும் கீழே இருப்பவனை ஏளனம் செய்வோரும் இக்கணக்கை மனத்தில் கொள்ள வேண்டும்.

இப்போது ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எதிரி 2,000 மீட்டர் உயரத்தில் மணிக்கு 350 கி.மீ. வேகத்தில் செல்கிறான். நாம் 3,000 மீட்டரில் 400 கி.மீ. வேகத்தில் இருக்கிறோம். எஞ்சினையும் காற்றின் இழுவையையும் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுவோம். நாம் பாய்ந்து அவனுடைய உயரத்தை அடையும்போது நம் வேகம் ஏறத்தாழ 644 கி.மீ. ஆகிவிடும். சுட்டுவிட்டு, திரும்பாமல், நேரே மேலெழுகிறோம். அவன் சினங்கொண்டு மூக்கைத் தூக்கி நம்மைத் துரத்துகிறான். அவனுடைய 350 கி.மீ. வேகம் 482 மீட்டர் உயரத்துக்கு மட்டுமே ஈடாகும். 2,482 மீட்டரில் அவன் வேகம் பூஜ்யம். அதே உயரத்தில் நமது வேகம் மணிக்கு ஏறத்தாழ 540 கி.மீ.! அவன் காற்றில் தத்தளித்து விழத் தொடங்குகையில், நாம் பழையபடி 3,000 மீட்டரை அடைந்து அடுத்த பாய்ச்சலுக்கு ஆயத்தமாகிறோம். ஜெர்மானிய விமானங்களைச் செலுத்தும் கலையின் சாரம் இதுவே. பாய்தல், சுடுதல், விலகுதல், ஏறுதல்.

என் தந்தையார் மலைப்பாதையில் லாரி ஓட்டுபவர். ஒருநாள் இக்கணக்கை அவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "இதுல என்னப்பா அதிசயம்? மேட்டுக்கு முன்னாடியே வண்டியை விரட்டிப் பிடிச்சிக்கணும். மேட்டுல போயி கியரை மாத்திக்கிட்டு நின்னா வண்டி செத்துப்போகும்" என்றார். சமன்பாடு இல்லாமலே அவர் முப்பது ஆண்டுகளாக ஆற்றல் அழியாமை விதியைக் கடைப்பிடித்து வருகிறார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் கல்லூரிக்கு வந்து கற்றது அந்த அறிவுக்கு ஒரு பெயரும் அளவும் இடுவதற்கே போலும்.

இயல்பறிந்து செலுத்துதல்

இரு விமானங்களும் ஒரே வித்தையைச் செய்தாலும் அவற்றின் குணங்கள் வேறு. 109 நன்றாக ஏறும். எனவே சண்டைக்கு முன்னும் பின்னும் ஏறிக்கொண்டே இருப்பது அதன் வழி. ஆனால் மணிக்கு 600 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் அதன் கைப்பிடி கல்லில் பதித்தது போல இறுகிவிடும். மூக்கைத் தூக்க இயலாமல் தரையில் மோதுவோர் பலர். ஆகவே முன்கூட்டியே மீளத் தொடங்க வேண்டும். இடக்கைப் பக்கமுள்ள சக்கரத்தைச் சுழற்றி வால் தகட்டின் கோணத்தை மாற்றியும் மீளலாம். தரையிலிருந்து எழும்போதும் கவனம் தேவை. சக்கரங்களின் இடைவெளி குறுகியது. எஞ்சினின் சுழற்சியால் விமானம் இடப்பக்கம் இழுக்கும். விசையை ஒரேயடியாகக் கூட்டாமல், வலப்பக்கச் சுக்கானை மெல்ல மிதித்தபடி எழ வேண்டும்.

ஃபோக்கெ-வுல்ஃபின் சிறப்பு உருளுதல். மணிக்கு 410 கி.மீ. அளவில் அது வினாடிக்கு ஏறத்தாழ 160 பாகை உருளும் என்று அமெரிக்க ஆய்வு ஒன்று அளந்தது. இடப்பக்கம் முழுதும் சாய்ந்திருக்கும் விமானம் ஒரு வினாடியைச் சிறிது கடப்பதற்குள் வலப்பக்கம் முழுதும் சாய்ந்துவிடும். எதிரி பின்னால் வந்துவிட்டால் இதுவே கேடயம். ஒரு பக்கம் திரும்புவது போலக் காட்டி, அவன் சாய்ந்ததும் மறுபக்கம் உருண்டு பாய்ந்துவிட வேண்டும். அவன் மீண்டும் சாய்ந்து தொடர்வதற்குள் இடைவெளி விழுந்துவிடும். வேகத்திலும் இதன் கைப்பிடி இலகுவாக இருக்கும். ஆனால் ஆறாயிரம் மீட்டருக்கு மேல் இதன் எஞ்சின் தளரும். அவ்வுயரத்தில் 109க்கு வழி விடுவதே நன்று.

மற்றொரு நுட்பமும் உண்டு. 109இன் எஞ்சினில் எரிபொருள் நேராக உருளைகளுக்குள் பீய்ச்சப்படுகிறது. தொடக்ககால ஸ்பிட்ஃபயரிலோ மிதவையுள்ள கார்புரேட்டர். மூக்கைச் சட்டெனக் கீழே அழுத்தினால் எரிபொருள் மேலெழும்பி எஞ்சின் இருமும். ஜெர்மானியர் இதை அறிந்து, ஆபத்தில் மூக்கை அழுத்திப் பாய்ந்து தப்பினர். இக்குறையை இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ ஆய்வகத்தில் பணியாற்றிய பீட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியாளர் 1941இல் போக்கினார். அவர் செய்தது துளையிட்ட ஒரு சிறு உலோகத் துண்டு, அவ்வளவுதான்! அது எரிபொருளின் பாய்ச்சலைக் கட்டுப்படுத்தியது. ஒரு துளையின் விட்டத்தைச் சரியாகக் கணக்கிட்டதால் எத்தனை உயிர்கள் பிழைத்தனவோ! நம் வகுப்பு மாணவியர் இப்பெயரை நினைவில் கொள்ள வேண்டும்.

குறி பார்த்தல்

விமானத்தில் குறி வைப்பது ஓடும் மாங்காயைக் கல்லெறிந்து வீழ்த்துவது போன்றது. எதிரி நமக்குக் குறுக்கே மணிக்கு 450 கி.மீ. வேகத்தில், 300 மீட்டர் தொலைவில் செல்கிறான் என்க. வினாடிக்கு 700 மீட்டர் வேகத்தில் செல்லும் குண்டு அவனை அடைய ஏறத்தாழ 0.43 வினாடி ஆகும். அதற்குள் அவன் 54 மீட்டர் நகர்ந்துவிடுவான். அஃதாவது, 109ஐப் போன்ற ஆறு விமானங்களை வரிசையாக நிறுத்தும் நீளம்! அவனைச் சுட்டால் படாது; அவன் வரப்போகும் வெற்றிடத்தைச் சுட வேண்டும். தொலைவைப் பாதியாக்கினால் இப்பிழையும் பாதியாகும். எனவே அருகில் செல்லும்வரை விரலை அடக்குபவனே வெல்வான்.

109இன் பீரங்கி எஞ்சினின் நடுவே, சுழல்விசிறியின் குமிழ் வழியாகச் சுடுகிறது. எனவே குண்டுகள் மூக்கு நோக்கும் திசையிலேயே செல்லும். ஆனால் 20 மி.மீ. குண்டுகள் 200தான். வினாடிக்குச் சுமார் 12 வீதம் 17 வினாடிகளில் தீர்ந்துவிடும். 30 மி.மீ. பீரங்கி பொருத்திய வகையிலோ 65 குண்டுகளே உள்ளன. ஆறு வினாடிக் கைமுதல்! சிக்கனம் கற்க இதைவிடச் சிறந்த பள்ளி உண்டோ?

இணையப் போரில் இன்னொரு கணக்கையும் சேர்க்க வேண்டும். ஐரோப்பாவிலுள்ள கணிப்பொறிக்குச் செய்தி சென்று வர 0.2 வினாடி ஆகுமானால், மணிக்கு 500 கி.மீ. வேகத்தில் செல்லும் எதிரி அதற்குள் 28 மீட்டர் நகர்ந்திருப்பான். விளையாட்டு நிரல் அவனது அடுத்த நிலையை ஊகித்துக் காட்டுகிறது. அவன் திடீரெனத் திரும்பினால் ஊகம் தவறும். ஆகவே அசையாமல் செல்பவனை, நம்மைக் காணாதவனைத் தேர்ந்து தாக்குவதே அறிவுடைமை.

கண்ணும் துணையும்

முதல் உலகப் போரில் ஓஸ்வால்ட் போல்க்கெ என்ற ஜெர்மானிய விமானி 1916இல் சில விதிகளை வகுத்தார். தாக்குமுன் உயரம் முதலிய அனுகூலங்களைத் தேடிக்கொள். இயன்றால் சூரியனை முதுகுக்குப் பின் வைத்துக்கொள். அருகில் சென்றே சுடு. எதிரியைக் கண்ணை விட்டு அகலவிடாதே என்பன அவற்றுள் சில. அதே ஆண்டு அக்டோபர் 28 அன்று, தம் தோழர் ஒருவரின் விமானம் உரசியதால் வீழ்ந்து அவர் மாண்டார். அப்போது வயது 25. விதிகளை எழுதியவரையும் விதி விடவில்லை. ஆயினும் நூறாண்டு கடந்தும் இன்றைய திரை வானில் அவ்விதிகள் அப்படியே செல்லுபடியாகின்றன.

ஸ்பானிய உள்நாட்டுப் போரில் வெர்னர் மோல்டர்ஸ் முதலிய ஜெர்மானியர், இருவர் இருவராகப் பறக்கும் முறையை வளர்த்தனர். ஒருவர் தாக்குவார், மற்றவர் அவர் முதுகைக் காப்பார். இத்தகைய இரு இணைகள் சேர்ந்து, விரித்த கையின் நான்கு விரல் நுனிகள் போல அமைந்து பறக்கும். பின்னர் இங்கிலாந்தும் இம்முறையையே ஏற்றது. இணையப் போரிலும் தனியே திரியும் வீரனைவிட, சேர்ந்து பறக்கும் இரு சாதாரணர்களே நெடுநேரம் உயிரோடிருப்பதை நான் கண்டிருக்கிறேன்.

ஓர் எச்சரிக்கை

இத்தனையும் படித்தபின் ஒரு கேள்வி எழ வேண்டும். எழாவிட்டால் நம் கல்வியில் குறையுண்டு. இவ்விமானங்கள் யாருக்காகப் பறந்தன? ஹிட்லரின் கொடிய ஆட்சிக்காக. 109இன் உறுப்புகளைச் செய்ய ஃப்ளோசன்பர்க், கூசன் முகாம்களின் கைதிகள் அடிமைகளாக வேலை வாங்கப்பட்டனர். நாம் வியக்கும் அந்த மெல்லிய இறக்கையில் பட்டினி கிடந்தோரின் கைரேகை படிந்திருக்கிறது.

நமக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. போர் நிதிக்குச் சென்னை மாகாணம் வழங்கிய கொடையின் நினைவாக, இங்கிலாந்து விமானப்படையின் 79, 234, 264 ஆகிய எண்களுள்ள படைப்பிரிவுகள் 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்னும் பெயரைத் தாங்கின. இம்மூன்றும் 1940இல் இங்கிலாந்து வானில் 109களை எதிர்த்துப் போரிட்ட பிரிவுகள். நம் மண்ணின் பெயர் அன்று எதிர்ப்பக்கத்தில் பறந்தது. எனவே திரையில் ஜெர்மானிய விமானத்தைச் செலுத்தும்போது, அதன் பொறியியலைப் போற்றலாம். அதன் கொடியைப் போற்றலாகாது. கருவியை அறிவது வேறு, கருவி செய்த கொடுமையை மறப்பது வேறு.

இன்னொன்றும் சொல்வேன். இவ்விளையாட்டு நேரத்தை விழுங்க வல்லது. வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம் என்று எல்லை வகுத்துக்கொள்வது நல்லது. எரிபொருள் தீருமுன் தளத்துக்குத் திரும்புவதும் விமானியின் இலக்கணமே.

முடிவாக, இந்த ஜெர்மானிய விமானங்கள் கற்பிப்பது பொறுமையை. முதலில் உயரம் சேர்க்க வேண்டும். அந்தப் பத்து நிமிடம் கீழே மற்றவர்கள் சுட்டுக்கொண்டிருப்பார்கள். நமக்கு ஏதும் கிடைக்காது. ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் தலைமுறையாகப் படிக்க வந்த நம்மில் பலருக்கு இந்த மூன்றாண்டும் அத்தகைய ஏற்றமே. உடன் பள்ளியில் படித்தவன் வேலைக்குச் சென்று வண்டி வாங்கிவிட்டான்; நாமோ இன்னும் ஆய்வுக்கூடத்தில் ஊசலின் அலைவு நேரத்தை எண்ணிக்கொண்டிருக்கிறோம். நண்பர்களே, அஞ்ச வேண்டாம். சேர்த்த உயரம் வீண்போவதில்லை என்பது இயற்பியலின் விதி. ஏறுவோமாக!